கடல் கடந்து வரும் பணமும் கொழும்புக் காணியும்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை அறியாத கொழும்பு மாணவி இருக்கமாட்டாள். 1908இல் வேலை தொடங்கி மறு வருடம் நிறைவு பெற்ற அப்பள்ளிவாசலைக் கட்டுவித்தவர்கள் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்காக இங்கு வந்த முஸ்லிம்கள். ஆகவே, வெளியூர்ப் பணம் கொழும்பு மண்ணில் கட்டடமாக எழுவது புதிய சங்கதி அல்ல. ஆனால் அன்று பணத்தோடு ஆளும் வந்தார். இங்கேயே கடை வைத்தார், இங்கேயே தொழுதார். இன்று பணம் மட்டும் வருகிறது. அதன் சொந்தக்காரர் வேறொரு நாட்டில் இருக்கிறார். பொருளியல் வகுப்பில் நான் கற்பிக்கும் ‘வெளிநாட்டு நேரடி முதலீடு’ என்ற பாடத்தை நம் கண்முன் எழும் மாடிகளை வைத்தே இங்கு விளக்க விரும்புகிறேன்.

வெளிநாட்டார் ஒருவர் நமது பங்குச் சந்தையில் சில பங்குகளை வாங்கி, விலை ஏறியதும் விற்றுவிட்டுப் போகலாம். அது நேரடி முதலீடு அல்ல. ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 10 சதவீதமாவது கையில் வைத்து, அதன் நிருவாகத்தில் நீடித்த அக்கறை கொள்வதே நேரடி முதலீடு என்பது சர்வதேச அளவுகோல். கடனுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கடன் என்றால் இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் நாம் திருப்பிக் கட்டவேண்டும். நேரடி முதலீட்டில் நட்டத்தையும் முதலீட்டாளரே சுமக்கிறார்.

கோட்டையிலுள்ள உலக வர்த்தக மையத்தைப் பாருங்கள். சிங்கப்பூரின் ஷிங் குவான் குழுமத்தின் முதலீட்டுடன் எழுந்த அந்த இரட்டைக் கோபுரம் 1997 ஒக்டோபர் 12ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. மூன்றே நாட்களில் அருகே குண்டு வெடித்துக் கண்ணாடிகள் நொறுங்கின. பங்கு வாங்கியவராக இருந்தால் மறுநாளே விற்றுவிட்டு வெளியேறியிருக்கலாம். கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? திருத்தினார்கள், வாடகைக்கு விட்டார்கள். இன்றும் அங்கே அலுவலகங்கள் இயங்குகின்றன. காணியில் போட்ட பணம் இலகுவில் ஓடிவிடாது என்பது இதன் நன்மை.

ஆயினும் காணிக்கு இன்னொரு தன்மை உண்டு. தொழிற்சாலை இன்னொன்று கட்டலாம். காணியை உற்பத்தி செய்ய முடியாது. இதனால்தான் நமது சட்டங்கள் இவ்விடயத்தில் எச்சரிக்கையாக இருந்து வந்துள்ளன. 1963இல் வெளிநாட்டாருக்குக் காணி கைமாறும்போது அதன் பெறுமதிக்குச் சமமான, அதாவது 100 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டாருக்கும் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிகளுக்கும் காணியை அறுதியாக எழுதிக் கொடுப்பதைத் தடை செய்தது. தொடர்மாடியின் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு விலக்களித்தது. காணியை 99 வருடம் வரை குத்தகைக்குப் பெறவும் அது இடம் வைத்தது.

‘அறுதி’, ‘குத்தகை’ என்ற இரு சொற்களின் இடைவெளியை அறிய நமக்கு வக்பு சொத்து நல்ல உதாரணம். வக்பு செய்யப்பட்ட கடையை விற்க முடியாது. அதன் வாடகையைப் பயன்படுத்தலாம். காணி ஓரிடத்திலும் அதன் பயன் ஓரிடத்திலுமாக இருக்கலாம் என்ற கருத்து நமக்குப் பழகியதுதான். துறைமுக நகரத்தில் நடந்ததும் இதனையொத்தது. 2014 செப்டெம்பரில், சுமார் 1.4 பில்லியன் டொலர் ஆரம்ப முதலீட்டுடன் ஒரு சீன நிறுவனம் கடலை நிரப்பத் தொடங்கியபோது, ஒரு பகுதி காணி அதற்கு அறுதியாகவே போகவிருந்தது. 2015இல் வேலை இடைநிறுத்தப்பட்டு, 2016இல் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி மொத்தம் 269 ஹெக்டேயரில் 116 ஹெக்டேயர் நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகை, 62 அரசாங்கத்துக்கு, எஞ்சிய 91 பொதுப் பாவனைக்கு. ஒரு சொல் மாறியதால் எத்தனை ஹெக்டேயர் நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் திரும்பி வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, டொலர்க் கணக்கு. மாடி எழும்போது டொலர் வருகிறது. உருக்கு, கண்ணாடி, மின்தூக்கி என்று இறக்குமதிக்காக அதில் ஒரு பங்கு உடனே வெளியே போகிறது. பின்னர் இலாபமும் போகும். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்து ஆடைத் தொழிற்சாலை வருடந்தோறும் ஏற்றுமதி செய்து டொலர் உழைக்கிறது. ஹோட்டலும் உல்லாசப் பயணிகளால் உழைக்கலாம். வெளிநாட்டுக் கம்பனிக்கு வாடகைக்கு விட்ட அலுவலகமும் உழைக்கலாம். உள்ளூரவருக்கு விற்ற சொகுசு வீடோ ஒரு தடவை கொண்டுவந்ததோடு சரி. நம் பெற்றோர் பலர் உழைத்த துபாய், 2002இல் வெளிநாட்டாருக்கு வீடு வாங்க வழி திறந்து வேகமாக வளர்ந்தது. 2008இன் உலக நெருக்கடியில் அங்கு விலைகள் சரிந்தன. மறு வருடம் ‘துபாய் வேர்ல்ட்’ நிறுவனம் கடன் கட்டத் தவணை கேட்டது. காணி விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் பொருளாதாரம் ஆகாது.

இவை எல்லாம் பெரிய கம்பனிகளின் கணக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கொம்பனித் தெருவில் இந்தியாவின் டாட்டா ஹவுசிங் நிறுவனத்தோடு செய்த மீள் அபிவிருத்தித் திட்டத்துக்காக வீட்டைக் கொடுத்த குடும்பங்கள், மாற்று வீடு வரும்வரை வருடக்கணக்கில் வாடகை வீடுகளில் காத்திருந்தன. பக்கத்தில் மாடி எழுந்தால் காணியின் விலை ஏறும். சொந்தமாகக் கடை உள்ளவருக்கு அது ஆதாயம். வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே சுமை. 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, டொலரில் விலை சொன்ன தொடர்மாடி வீடுகள் ரூபாவில் உழைப்பவருக்கு எட்டாத தூரம் போயின. மகளுக்கென்று கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சிறு வீடொன்று பார்க்கும் தந்தைக்கு இந்தப் பாடம் புத்தகப் பாடம் அல்ல.

வெளிநாட்டு முதலீடு வேண்டாம் என்பது என் முடிவல்ல. மூலதனம் குறைந்த நாட்டுக்கு அது தேவை. ஆனால் எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். காணி அறுதியா, குத்தகையா? டொலர் ஒரு தடவை வருமா, வருடந்தோறும் வருமா? அங்கே முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள்? பொதுமக்களுக்கு எஞ்சியது எவ்வளவு?

இக்கேள்விகளுக்குப் பதில் தேடுவதையே தொழிலாகவும் கொள்ளலாம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஆதன முகாமைத்துவமும் மதிப்பீடும் பட்டப்படிப்பாகவே உண்டு. மத்திய வங்கி கொழும்பு மாவட்டக் காணி விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. உறுதி எழுதும் நொத்தாரிசு, நில அளவையாளர், மதிப்பீட்டாளர் ஆகிய தொழில்களில் நம் பெண்பிள்ளைகள் இன்னும் அதிகமாக வரவேண்டும். காணி ஒரு அமானத். அதன் உறுதியை வாசித்து விளங்கத் தெரிந்த ஒரு மகள் வீட்டில் இருப்பது, பெற்றோரே, ஒரு வீட்டைச் சேர்த்து வைப்பதற்குச் சமம்.