மேனிஃபோல்டு மாற்றும் தம்பிக்கு



1965-ஆம் வருஷத்துப் பான்டியாக் ஜி.டி.ஓ. ஒன்றைச் செப்பனிடும் பொறுப்பு உன் கைக்கு வந்திருப்பதாகவும், அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளைக் கழற்றிவிட்டு வேறு பொருத்த உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். தாராளமாக மாற்றலாம், பிரயோஜனமும் உண்டு. ஆனால் பழையதில் உள்ள குறை இன்னதென்று திட்டமாக விளங்குமுன் ஸ்பானரைத் தொடாதே.

அந்த எஞ்சினின் சிலிண்டர்கள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் வெடிப்பவை என்பது உனக்குத் தெரியும். இடப்பக்கத்தில் இருப்பவை 1, 3, 5, 7. அவற்றுள் ஐந்தாவது வெடித்து, கிராங்க் 90 டிகிரி மட்டுமே சுழன்றவுடன், பக்கத்திலேயே இருக்கும் ஏழாவது வெடிக்கிறது. ஐந்தாவது சிலிண்டர் தன் புகையைப் பாதி வெளியேற்றிக்கொண்டிருக்கும் சமயத்திலேயே ஏழாவதின் வால்வு திறந்து, அதிக அழுத்தமும் உஷ்ணமும் கொண்ட புகை சீறிப் பாய்வதால், நான்கு வாய்களும் ஒரே குழாயில் நேராகத் திறக்கும் சாதாரண வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில், அந்தப் பிரவாகம் அண்டை வீட்டுக்குள்ளேயே திரும்பிப் புகுந்துவிடுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கிளை சிறிது தூரம் ஓடி, அதன் பின்னரே ஒன்றுகூடும்படி வார்த்த மேனிஃபோல்டு ஏன் மேலானது என்பதற்கு இதுவே காரணம். ராம் ஏர் என்ற பெயரோடு பின்னர் வந்த பான்டியாக் வண்டிகளில் இருந்தவை இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் நகல்கள் இன்றும் வார்க்கப்படுகின்றன.

மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன ஹெடர்கள் பந்தயப் பாதையில் இன்னும் அதிக சக்தி தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் சாலையில் ஓடும் வண்டிக்கு அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவை துருப்பிடிக்கும், தரைக்கு மிக அருகே தொங்கும், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பிளக் ஒயர்களையும் வாட்டும், சில மாதங்களுக்குள் கேஸ்கெட்டில் கசியவும் தொடங்கும்.

ஜி.டி.ஓ. பிறந்த விதமே உனக்குச் சகாயமானது. நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் வண்டியில் 389 கன அங்குல எஞ்சினை இறக்குவது 1964-இல் அத்தனை சுலபமாக அமைந்தது, அவ்வண்டியில் முன்பே இருந்த 326 கன அங்குல எஞ்சினும் இதுவும் வெளியளவில் ஒன்றாகவே இருந்தமையால்தான். ஆதலால் ஒரு பான்டியாக் வி-8 எஞ்சினின் மேனிஃபோல்டு மற்றொன்றில் போல்ட் ஏறுவது அபூர்வமல்ல. எனினும் வாயின் வடிவத்தைப் பார். உன் ஹெட்டில் இருப்பது ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற வாய். 1969, 1970 வருஷங்களின் ராம் ஏர் 4 எஞ்சினில் இருப்பதோ வட்ட வாய். வட்ட வாய்க்கென வார்த்ததை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதே.

வாங்கியதும், கேஸ்கெட் இல்லாமல், குளிர்ந்த எஞ்சினில் வெறுமனே வைத்துப் பார்த்து, ஸ்டீயரிங் பெட்டி, கிளட்ச் இணைப்பு, சட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறதென்று விரலை நுழைத்து அறிந்துகொள். எஞ்சின் ஓடும்போது தன் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அசையும் என்பதையும் கணக்கில் சேர். வெளிவாயின் ஸ்தானம் மாறியிருக்குமாதலால் கீழ்க்குழாயைப் புதிதாக வளைக்க நேரும்; அதற்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும் பழைய குறுகிய அளவிலேயே இருக்குமானால் செய்த செலவெல்லாம் வீண்.

பழைய போல்டுகளை முந்தின நாளே எண்ணெயில் ஊறவிடு. ஒன்று ஹெட்டுக்குள் முறிந்தால் படும் அவஸ்தை பெரிது. அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மில்லிமீட்டர் நீளும். ஆகவே நடுப் போல்டுகளை முதலில் முறுக்கி, ஓரங்களை நோக்கிச் செல். இரும்பு நீள வழியிருக்க வேண்டும். ஓரப் போல்டுகள் கழன்றுவிடாமலிருக்க அவற்றின் தலையில் மடித்துவிடும் பூட்டுத் தகடுகளைப் பான்டியாக் பொருத்தியதும் இந்த அசைவை முன்னிட்டே. அவற்றை விட்டுவிடாதே. ஓட்டிப் பார்த்தபின் பிளக்குகளின் நிறத்தைப் பரீட்சை செய். வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் ஜெட்டை மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். கழற்றிய மேனிஃபோல்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. அவற்றின் மேல் வார்ப்பு எண்ணும், மாதத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தோடு தேதியும் வருஷத்தின் கடைசி இலக்கமும் பொறித்திருக்கும். அந்த வண்டியோடு சேர்ந்து பிறந்தவை என்பதற்கு அதுவே சாட்சி. சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, வண்டியின் சொந்தக்காரரிடமே ஒப்படைத்துவிடு.