ஷூவில் ஒட்டிய மண்ணுக்கும் ஒரு சட்டம்

சங்கரன்கோவிலுக்கு வர்றவங்க கோவில் புற்றுமண்ணை நெத்தியில பூசிட்டு, கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போவாங்க. அதே மண்ணை அண்டார்டிகாவுக்குக் கொண்டு போகலாமா? கூடாது. ஏன்னு பார்ப்போம்.

1959-ல் 12 நாடுகள் அண்டார்டிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தக் கண்டம் அமைதிக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் என்பதுதான் அதன் சாரம். இந்தியா 1983-ல் சேர்ந்தது. 1991-ல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை, 1998-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது இணைப்பு முழுக்க விலங்குகள், தாவரங்கள் பற்றியது. முக்கியமான மூணு விஷயங்கள்:

1. அனுமதி இல்லாமல் பென்குயின், சீல் போன்றவற்றைக் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. கூட்டமா இருக்கிற இடத்தில் ஹெலிகாப்டரை இறக்கி அவற்றைக் கலைப்பதும் தப்புதான்.

2. நாய்கள் கூடாது. பனியில் வண்டி இழுத்த நாய்களை 1994 ஏப்ரல் 1-க்குள் வெளியேற்றச் சொன்னாங்க.

3. கிருமி நீக்காத மண் உள்ளே வருவதை முடிந்த அளவு தடுக்கணும்.

மண்ணில் அப்படி என்ன இருக்கு? விதை, பூஞ்சை, பாக்டீரியா எல்லாமே இருக்கு. அண்டார்டிகாவின் சொந்தப் பூக்கும் தாவரங்கள் மொத்தமே இரண்டுதான். போட்டி போட்டுப் பழகாத இடம் அது. போலந்தின் ஆர்க்டோவ்ஸ்கி ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் போவா அனுவா என்ற சாதாரணப் புல் முளைத்தது. அது அப்படியே வேரூன்றிப் பரவ ஆரம்பிச்சிடுச்சு.

சரி, இதையெல்லாம் மீறினா யார் பிடிப்பாங்க? அங்கே போலீஸ் கிடையாது, அரசாங்கமும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் ஆட்களைத் தானே கட்டுப்படுத்தணும். அதுக்கு உள்நாட்டுச் சட்டம் வேணும். நெறிமுறை நடைமுறைக்கு வந்து 24 வருஷம் கழிச்சு, 2022-ல்தான் இந்திய அண்டார்டிக் சட்டம் நிறைவேறியது. அனுமதி இல்லாமல் வெளி உயிரினத்தை அங்கே நுழைத்தால் இப்போது 7 ஆண்டு வரை சிறை, 10 முதல் 50 லட்சம் வரை அபராதம். கையெழுத்து பாதி வேலைதான், மீதியைச் செய்வது இந்த மாதிரிச் சட்டம்.

மைத்ரி, பாரதி என்ற நம்ம இரண்டு நிலையங்களிலும் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. ஜெனரேட்டர், தகவல்தொடர்பு பார்க்கிற இன்ஜினியர்களும் இருக்காங்க. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் பயணக் குழுக்களை அனுப்புது. நாளைக்கு உங்களில் ஒருத்தர் போகலாம். கிளம்பும் முன் ஷூவின் அடிப்பள்ளம், பேக்கின் மூலை, ஜாக்கெட்டின் வெல்க்ரோ மூன்றையும் நல்லா சுத்தம் பண்ணுங்க. விதைகள் ஒளிஞ்சிக்கிற இடம் அதுதான்.