களத்து வேலையும் தீராத மூட்டு வலியும்

செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலையை ஒரு தரம் ஏறி இறங்கியவருக்குக் கெண்டைக்கால் இரண்டு நாள் நோகும். பிறகு தானே தீரும். அது வியாதியன்று. மூன்று மாதங்களுக்கு மேலாகியும் விடாத இடுப்பு, தோள், முழங்கால் வலியே இங்குக் கூற வந்த விஷயம். குடியானவர் பலர் இதனை வாதம் என்றும் வயதின் கூறு என்றும் சொல்லிப் பொறுத்துக்கொள்கின்றனர்.

உலகில் தசை, எலும்பு, மூட்டு உபாதையுடையோர் சுமார் 171 கோடிப் பேர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. நம் தேசத்துக் கிராமங்களின் நிலைக்கு, மகாராஷ்டிரத்தில் புனே ஜில்லாவைச் சேர்ந்த பிக்வானில் 1996ஆம் வருஷம் தொடங்கிய விசாரணையைக் காட்டலாம். டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழுவினர் வீடுவீடாய்ச் சென்று வயதுவந்தோர் 4,092 பேரை விசாரித்ததில், 746 பேர் இவ்வித வலியுடையோராயிருந்தனர். இதை நம்மூருக்குப் பொருத்தினால், நடவுக்கு வரும் 20 பேரில் மூன்று நான்கு பேர் வலியோடு வயலில் இறங்குகின்றனர் என்றாகும்.

காரணங்களுள் வேலை செய்யும் முறை முக்கியமானது. மணிலாக் கொல்லையில் நாள் முழுதும் குந்தியபடி களை கொத்துவது முழங்காலையும், குனிந்து நாற்று நடுவது இடுப்பையும் வருத்தும். மணிலாவை 30 செ.மீ. வரிசையில் விதைத்தால், நீண்ட கைப்பிடியுள்ள சக்கரக் களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். நெல்லிலும் வரிசை நடவு செய்து கோனோ களைக்கருவியை உபயோகிக்கலாம். ஆனால் நீர் வற்றிய களிமண்ணில் இக்கருவியைத் தள்ளுவது குனிவதினும் கடினம். வயலில் சிறிது நீர் நிற்கும்போதே தள்ளவேண்டும். இதைக் கவனியாமல் கருவியைப் பழிப்பவர் பலர்.

மூட்டை விஷயத்தில் நிலச்சுவான்தார்கள் விசேஷ கவனம் செலுத்தவேண்டும். ஒருவர் சுமக்கத்தக்க பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இல் சிபாரிசு செய்தது. அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் சாக்கு 40 கிலோவே. களத்திலோ 75 கிலோ மூட்டை கட்டும் வழக்கம் உண்டு. சாக்கைச் சிறிதாக்கினால் மூட்டைக்கு இவ்வளவென்று பேசிய கூலி குறையுமோவென ஆட்கள் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானதே. கூலியை எடைக்கணக்கில் பேசிவிட்டால் இத்தடை நீங்கும். சாக்குச் செலவு கொஞ்சம் கூடுமாயினும், பாரம் தூக்கி இடுப்பு பிடித்தவர் அறுவடை நடுவில் நின்றுவிடும் நஷ்டம் அதனினும் பெரிது.

வலிக்குக் கடையில் தாமே மாத்திரை வாங்கி மாதக்கணக்காய் விழுங்குவது இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகக் கெடுதியையும் உண்டாக்கக்கூடும். வலியென்று வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பதும் பிரயோஜனமில்லை; இயன்ற அளவு நடமாடுவதே நலம். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி ஒரு மணி நேரம் வரை மடங்காமலிருப்பின் அது முடக்குவாதமாயிருக்கலாம். தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும். இடுப்பு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் அடைபட்டாலோ கட்டுக்கு அடங்காவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரி சேர்க்க.

நடக்கவியலாதோருக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையளிக்க, 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஏற்பாடுண்டு. கிராம அதிகாரிகள் தத்தம் ஊரில் அத்தகையோரின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கலாம்.