வைக்கோல் உருளை: எந்த அளவு நமக்கு ஏற்றது?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில், வயல்களில் உருளை உருளையாக வைக்கோல் கட்டுகள் கிடப்பதைக் காணலாம். முன்பு ஆட்கள் கதிரறுத்துக் களத்தில் அடித்து, வைக்கோலைப் போராகப் போட்டார்கள். இப்போது பெரும்பாலும் அறுவடை இயந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலிலேயே வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அதை வாரிக் கட்டும் இயந்திரம் வாங்க நினைக்கும் விவசாயி எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது? பாதி விடை நம் கணிதப் பாடத்திலேயே இருக்கிறது.

முதலில் இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். டிராக்டரின் பின்புறத்தில் சுழலும் தண்டு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது அதன் வழக்கமான வேகம். அதிலிருந்துதான் கட்டும் இயந்திரம் ஆற்றலைப் பெறுகிறது. கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி, சுற்றிலும் உருளைகள் கொண்ட அறைக்குள் தள்ளுகின்றன. முதலில் அது உள்ளே புரண்டுகொண்டிருக்கும். அறை நிறைய நிறைய, பாயைச் சுருட்டுவது போல வெளிச்சுற்றுகள் இறுகும். பிறகு டிராக்டர் நின்று, கயிறு சுற்றப்பட்டு, கட்டு வெளியே விழும்.

நம் ஊர் வயல்களில் காண்பது பெரும்பாலும் சிறிய கட்டுதான். விட்டம் 60 செ.மீ., நீளம் 90 செ.மீ. என்று கொண்டால் எடை ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். அமெரிக்காவில் வெர்மீர் நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த வகையோ மிகப் பெரியது. அத்தகைய கட்டைத் தூக்கவே தனி இயந்திரம் வேண்டும்.

பெரிய கட்டுக்கு ஒரு நன்மை உண்டு. மழையில் வெளிப்புறம் 5 செ.மீ. ஆழத்துக்குக் கெட்டுவிட்டதாகக் கொள்வோம். முனைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 60 செ.மீ. கட்டில் நல்ல பகுதியின் விட்டம் 50 செ.மீ. கன அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மிஞ்சுவது 2500/3600, அதாவது 69 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீண்! 120 செ.மீ. கட்டிலோ 16 சதவீதமே வீணாகும்.

அப்படியானால் பெரியதை வாங்கலாமா? வரப்புகள் நெருங்கிய சிறு வயலில் அந்த இயந்திரம் திரும்ப இடமில்லை. இரண்டு மாடு வைத்திருப்பவர் நூறு கிலோவுக்கு மேற்பட்ட கட்டை எப்படி நகர்த்துவார்? சிறிய கட்டே நமக்கு ஏற்றது. ஆனால் அதைக் கூரைக்கடியில் அடுக்கியே ஆகவேண்டும். சொர்ணவாரிப் பருவத்து வைக்கோலுக்கு இது இன்னும் அவசியம். அந்த அறுவடை மழைக்காலத்தை ஒட்டி வருகிறது.

லாரியில் ஏற்றி வெளியூரில் விற்பவருக்கு மட்டும் செவ்வகக் கட்டு மேல். உருளைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கினால் இடத்தில் 21 சதவீதத்துக்கு மேல் வெற்றிடமாகப் போகும். ஓரிரு ஏக்கர் மட்டும் உள்ளவர் எதையும் வாங்க வேண்டியதில்லை. கட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

எந்த இயந்திரமானாலும் ஈர வைக்கோலைக் கட்டக்கூடாது. ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்கும், பூஞ்சணம் பிடிக்கும், பெரிய அடுக்குகளில் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பாருங்கள். படபடவென்று ஒடிந்தால் கட்டலாம். துவண்டால் இன்னும் காயவேண்டும்.

கணக்கு: 90 செ.மீ. விட்டமுள்ள கட்டில் வெளிப்புறம் 5 செ.மீ. கெட்டால் வீணாவது எத்தனை சதவீதம்?
(விடை: ஏறத்தாழ 21)