வட்டும் நாடாவும் மக்கர் பண்ணினால்: பதிமூன்று குறிப்புகள்

சேந்தமங்கலத்தில் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இருபத்தியொரு கேசட்டுகள். நான்கு கேசட்டில் பெரியப்பா வேஷம் கட்டிய கூத்து இருக்கிறது. அதில் ஒன்றைப் போட்டால் குரல் கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் அமுங்கி வந்தது. பெரியம்மா கேட்டார்: “ஏங்கண்ணு, டேப்பு கெட்டுப்போச்சா, பொட்டி கெட்டுப்போச்சா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெயின்ஃபிரேம் கணினிக் கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் காலையில் போனதும் என்னிடம் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான். அங்கே அதற்குப் பதில் சொல்ல ஐபிஎம் கொடுத்த ‘ஈரெப்’ என்ற நிரல் இருந்தது. வட்டு, நாடா, அவற்றை ஓட்டும் எந்திரங்கள் எதில் பிழை வந்தாலும் எந்திரமே ‘லாக்ரெக்’ என்ற பதிவேட்டில் குறித்து வைத்துவிடும். ஈரெப் அதை வாசித்து, வகை பிரித்து, அச்சடித்துக் கொடுக்கும். பழுது பார்ப்பது அதன் வேலை இல்லை. எங்கே பழுது பார்க்க வேண்டும் என்று காட்டுவதோடு சரி. அந்த வித்தையில் பாதியை ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்துவிடலாம்.

1. ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் நோட்டைத் திறங்கள். ஐந்து கட்டம் போதும்: தேதியும் நேரமும், எந்த கேசட் அல்லது டிஸ்க், எந்த எந்திரம், என்ன ஆயிற்று, மறுபடி போட்டபோது சரியாக ஓடியதா. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்று ஐந்தாம் குறிப்பில் சொல்கிறேன்.

2. எல்லாவற்றுக்கும் பெயர் வையுங்கள். மெயின்ஃபிரேமில் ஒவ்வொரு நாடாவுக்கும் வட்டுக்கும் ஆறு எழுத்துக்குள் ஒரு பெயர் உண்டு, ஒவ்வொரு டிரைவுக்கும் தனி எண் உண்டு. இவை இரண்டும் இல்லாவிட்டால் ஈரெப்பால் ஒன்றையும் பிரிக்க முடியாது. வீட்டில் ஒரே மாதிரிக் கறுப்புப் பென்டிரைவ் மூன்று இருக்கும். ‘அந்தப் பென்டிரைவ் தகராறு பண்ணுது’ என்று சொன்னால் எது என்று யாருக்குத் தெரியும்? துண்டு பிளாஸ்திரி ஒட்டி மார்க்கரால் எழுதுங்கள். பெரியம்மாவின் கேசட்டுகளுக்கு நான் எஸ்-01 முதல் எஸ்-21 வரை போட்டேன். தகராறு பண்ணியது எஸ்-07.

3. மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தகராறு பண்ணும் கேசட்டை இன்னொரு டெக்கில் போடுங்கள். நன்றாக ஓடும் கேசட்டை முதல் டெக்கில் போடுங்கள். குறை கேசட்டோடு கூடவே போனால் கேசட்டில் குறை. எதைப் போட்டாலும் அதே டெக்கில் குறை நின்றால் டெக்கில் குறை. ஈரெப் நாடாப் பிழைகளை டிரைவ் வாரியாக ஒருமுறை, நாடாவின் பெயர் வாரியாக ஒருமுறை கூட்டிக் காட்டுவதும் இதற்காகவே. ஒரே டிரைவில் பத்து வெவ்வேறு நாடாக்கள் பிழை காட்டினால் நாடாக்களைத் திட்டிப் பயனில்லை.

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விரிசல் முட்டை ஒரே கூண்டு வரிசையிலிருந்து வந்தால் கம்பியைப் பார்ப்பார்கள். ஷெட் முழுக்க வந்தால் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து போதுமா, கோழிக்கு வயதாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். லாரிக்காரர்கள் டயரை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மாற்றிப் போடும் சோதனையே கூடாது. நல்ல டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட்டிலும் அது ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்குப் போகும். ஒன்று கெட்டது போய் இருபத்தியொன்றும் கெட்ட கதையாகிவிடும்.

4. மூன்றாவதாக ஒரு விடை உண்டு. அனுபவப்பட்டவர்களையும் அது ஏமாற்றும். கேசட் ஒரு டெக்கில் மட்டும் அருமையாகப் பாடும், மற்ற எல்லா டெக்கிலும் மங்கிக் கேட்கும். கேசட் நன்றாக இருக்கும், மற்ற டெக்குகளும் நன்றாக இருக்கும். பதிவு செய்த டெக்கின் ஹெட் அன்றைக்குச் சற்றுக் கோணலாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோணல் நாடாவிலேயே பதிந்துபோயிற்று. கணினி நாடாவிலும் இப்படி நடக்கும். வாசிக்க முடியவில்லை என்று முறையிடும் டிரைவை நோண்டிக்கொண்டிருப்போம். குற்றவாளி அதை எழுதிய டிரைவ். அதனால் ‘எதில் பதிவானது’ என்று ஆறாவது கட்டம் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.

5. தற்காலிகப் பிழை வேறு, நிரந்தரப் பிழை வேறு. முதல் தடவை வாசிக்க முடியாமல், நாடாவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி வாசித்து வெற்றி கண்டால் அது தற்காலிகப் பிழை. வேலை நிற்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. எத்தனை தடவை முயன்றும் முடியாமல் எந்திரம் கைவிட்டால் நிரந்தரப் பிழை. எல்லோரும் ஓடி வருவது இரண்டாவதற்கு. அனுபவசாலிகள் கண் வைத்திருப்பது முதலாவதன் மேல். தற்காலிகப் பிழை ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடலாம். திங்களன்று இரண்டு, வியாழனன்று ஏழு, ஞாயிறன்று முப்பது என்று ஏறினால் அந்த டிரைவ் தந்தி அடிக்கிறது என்று பொருள். ஈரெப்பில் ‘டிரெண்ட்ஸ்’ என்ற அறிக்கை ஒன்று உண்டு. முப்பது நாள் வரைக்கும் எந்த நாளில் எத்தனை பிழை என்று சாதன வாரியாக வரிசை கட்டிக் காட்டும். என்னைக் கேட்டால் அதில் உள்ள அறிக்கைகளிலேயே பயனுள்ளது அதுதான்.

எண்ணும்போது எத்தனை தடவை போட்டோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது தடவை போட்டு ஒரு தடவை சிக்கிய கேசட்டும், இரண்டே தடவை போட்டு ஒரு தடவை சிக்கிய கேசட்டும் ஒன்றல்ல.

6. பல பொருள் ஒரே நேரத்தில் கெட்டால், அவற்றுக்குப் பொதுவானது எது என்று தேடுங்கள். மெயின்ஃபிரேமில் எட்டு டிரைவும் ஒரே நிமிடத்தில் முறையிட்டால் எட்டும் கெட்டுவிட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் யூனிட்டை அல்லது கேபிளைப் பார்ப்பார்கள். வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுஎஸ்பி ஹப், மின்சாரம். இதைக் கண்டுபிடிக்க நேரம் சரியாகக் குறித்திருக்க வேண்டும். கணினியின் கடிகாரம் தப்பாக ஓடினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

7. வீட்டுக் கணினியிலும் ஒரு குட்டி லாக்ரெக் இருக்கிறது. விண்டோஸில் ‘ஈவண்ட் வியூவர்’ திறந்து ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய், ‘சோர்ஸ்’ என்ற தலைப்பை ஒரு தட்டு தட்டினால் வரிகள் வகைப்படி அடுக்கப்படும். ‘டிஸ்க்’ என்று வருபவற்றைப் பாருங்கள். எண் 7 என்றால் வட்டில் கெட்ட இடம் இருக்கிறது. 153 என்றால் ஒரு தடவை முடியாமல் மறுபடி முயன்றிருக்கிறது, அதாவது நம் தற்காலிகப் பிழை.

ஹார்டு டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதும் ‘ஸ்மார்ட்’ கணக்கு இன்னும் நல்லது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலில் தெரியும். அதில் 5ஆம் வரி, கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197ஆம் வரி, சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் பகுதிகள். இவை ஏறினால் டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்படுங்கள். 199ஆம் வரி ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், கேபிளை மாற்றுங்கள். 199 ஒருமுறை ஏறினால் இறங்காது. ஆகவே கேபிள் மாற்றிய அன்று எண்ணைக் குறித்துவைத்து, அதற்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். நூற்றைம்பது ரூபாய்க் கேபிளுக்காக நாலாயிரம் ரூபாய் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை போட்டேன்.

8. முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். டிஸ்க் தகராறு என்றதும் ‘செக்டிஸ்க்’ ஓடவிடுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மணிக்கணக்கில் உழுது எடுத்துவிடும். வாசிக்க முடிகிறவரை படங்களையும் பத்திரங்களையும் வெளியே எடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ‘டிடிரெஸ்க்யூ’ ஓடவிடச் சொல்லுங்கள். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், எதுவும் ஓடவிட வேண்டாம்.

பெரிய எந்திரத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. ஈரெப் ஒரு வட்டைக் கை காட்டிய பின் ‘ஐசிகேடிஎஸ்எஃப்’ என்ற இன்னொரு நிரலுக்குப் போவோம். அதில் ‘அனலைஸ்’ டிரைவைச் சோதிக்கும், உள்ளே இருக்கும் தகவலை அழிக்காது. ‘இன்ஸ்பெக்ட்’ சந்தேகமான தடத்தைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மாற்றுத் தடம் ஒதுக்கும். ‘இனிட்’ வட்டைப் புதிதாகத் தயார் செய்யும். அவசரத்தில் முதலிலேயே இதைத் தட்டினால் வட்டில் இருந்ததை மறந்துவிட வேண்டியதுதான்.

9. ஹெட் துடைப்பது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக் கடையில் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டையும், நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டையும், பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடையுங்கள். காய்ந்தபின் கேசட் போடுங்கள். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், சென்ட் எதுவும் கூடாது. அந்தக் காலக் கணினிக் கூடத்தில் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் டிரைவைத் துடைப்பது வழக்கமாக இருந்தது. துடைத்த தேதியை நோட்டில் எழுதுங்கள்: துடைத்ததும் பிழை நின்றதா, நாலு நாளில் திரும்பியதா என்பதே ஒரு தகவல். நாலு நாளில் திரும்பினால் ஏதோ ஒரு கேசட் பொடி உதிர்க்கிறது, அதைத் தேடுங்கள்.

10. காப்பு மடலை உடைத்துவிடுங்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் மடல்களை நெம்பி எடுத்தால் அதன்மேல் யாரும் தவறிப் பதிவு செய்ய முடியாது. பழைய கணினி நாடாச் சுருளில் இது நேர்மாறு: முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் எழுதவே முடியும். அந்த வளையங்களை விரலில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு.

11. நின்ற நிலையில் அடுக்குங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். கொல்லிமலையில் மழை பிடித்தால் அடிவாரத்தில் நமக்கும் ஈரக்காற்றுதான். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். பரண் வேண்டாம், ஓட்டுச் சூடு நேரே இறங்கும்.

12. பழைய பக்கத்தைக் கிழிக்காதீர்கள். லாக்ரெக் நிரம்பப் போகிறது என்றால் எந்திரமே செய்தி விடும். பொறுமையில்லாத ஆள் அப்படியே துடைத்துவிடுவான். முறை தெரிந்தவன் பழைய பதிவுகளைச் சேர்த்து வைக்கும் வரலாற்று நாடாவில் முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு துடைப்பான். போன ஆண்டு இதே டிரைவ் என்ன செய்தது என்ற கேள்வி கட்டாயம் ஒருநாள் வரும். அந்தப் பழைய பதிவின் அருமை புரிய நம் ஊர்க் கதை ஒன்று போதும். சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 எந்திரம் வந்தது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனதும் அதன் எந்திரங்களைப் பராமரிக்கும் வேலை அப்போது அரசு நிறுவனமாக இருந்த சிஎம்சியிடம் வந்தது. உதிரி பாகத்துக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களில், எதைக் கழற்றுவது என்று தெரியாமல் கழற்றுவது எத்தனை பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மெயின்ஃபிரேம் வேலைக்கு இன்று போகும் பிள்ளைகள், வட்டுப் பெட்டியே தன் கோளாறைத் தானே மறைத்துச் சமாளித்துக்கொள்கிறதே என்று ஈரெப்பை அலட்சியம் செய்கிறார்கள். உள்ளே சமாளிப்பது சரி. பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே போகும் வழியில் வரும் பிழை இன்றும் லாக்ரெக்கில்தான் விழுகிறது.

13. கடைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு ரிப்பேர் கடையில் பெரியம்மாவின் டெக்கைப் பார்த்ததுமே ‘ஹெட் போச்சு, மாத்தணும்’ என்றார்கள். நான் பக்கத்தைக் காட்டினேன். இருபது கேசட் அந்த டெக்கில் சுத்தமாகப் பாடியிருக்கிறது. எஸ்-07 மட்டும் அதிலும் அமுங்குகிறது, மாப்பிள்ளை வீட்டு டெக்கிலும் அமுங்குகிறது. மற்ற மூன்று கூத்துக் கேசட்டும் அதே இரவில் அதே எந்திரத்தில் பதிவானவை, அவை நன்றாக இருக்கின்றன. அதனால் பதிவிலும் குறையில்லை.

வீட்டுக்கு வந்து எஸ்-07ஐ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. ஐந்து ஸ்க்ரூ போட்ட பழைய காலிக் கேசட் ஒன்றைத் திறந்து, அதன் நாடாவை எடுத்துவிட்டு, கூத்து நாடாவை அந்த ஓட்டுக்குள் மாற்றினேன். நாடா உருளைகளைச் சுற்றிப் போகும் பாதையைத் திறந்ததுமே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூடும்போது தேவைப்படும். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களைத் தட்டில் எண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டில் அன்றைய வரி: எஸ்-07, இரண்டு பக்கமும், புது ஓடு. இரண்டு டெக்கிலும் பாடுகிறது. நகல் எடுத்தாயிற்று.