மானாவாரிக்கு ஏற்ற அமுக்கரா

நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்கு என்று கேட்டால், வெண்மையான குச்சி போன்ற ஒன்றை எடுத்துத் தருவார்கள். கிழங்கு என்பது வழக்கில் வந்த பெயர். உண்மையில் அது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் வேர். பச்சையாகப் பிடுங்கி முகர்ந்தால் குதிரை வாடை அடிக்கும். அசுவகந்தா என்ற வடமொழிப் பெயர் அதனால் வந்தது. தாவர நூலார் இதற்கு இட்ட வித்தானியா சோம்னிபெரா என்ற பெயரில் இரண்டாம் சொல்லுக்கு உறக்கம் தருவது என்று பொருள். நரம்புத் தளர்ச்சிக்கும் உறக்கமின்மைக்கும் சித்த மருத்துவர்கள் அமுக்கராச் சூரணத்தை நெடுங்காலமாகக் கொடுத்து வருகின்றனர். உறக்கம் தரும் செடி என்றதும் கஞ்சாவைப் போல இதற்கும் சட்டத் தடை உண்டோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் இது வரவில்லை. துணிந்து பயிரிடலாம்.

நம் நாட்டில் இப்பயிருக்குப் பெயர் பெற்ற இடங்கள் மத்தியப் பிரதேசத்தின் மந்தசூர், நீமச் பகுதிகளும், ராஜஸ்தானின் நாகூர் பகுதியும் ஆகும். அங்கே பெரும்பாலும் மழையை நம்பியே விதைக்கிறார்கள். வளம் குறைந்த நிலம், குறைந்த நீர், பின் பருவத்தில் வறண்ட காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வேர் மாவு பிடித்துத் திரளும். நம் உழவர்கள் இப்பயிரை முதன்முதலாக எடுக்கும்போது கத்தரிக்குச் செய்யும் பக்குவத்தையே இதற்கும் செய்ய மனம் வருவது இயல்பு. தழைச்சத்தை அள்ளிக் கொடுத்து, வாரம் தவறாமல் நீர் பாய்ச்சினால் செடி இடுப்பளவு வளர்ந்து கண்ணுக்கு அழகாக இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒன்றும் இராது. வியாபாரி விலை வைப்பது வேருக்குத்தான்.

மணல் கலந்த செம்மண்ணும் இருமண்பாட்டு நிலமும் ஏற்றவை. கார அமில நிலை 7.5 முதல் 8 வரை இருக்கலாம். நீர் ஒரு நாளும் தேங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் மாவட்டங்களில் மேட்டு நிலமாகப் பார்த்து, வடிகால் எடுத்த பின்பே விதைக்க வேண்டும். கடைசி இரண்டு மாதங்கள் மழையில்லாத காலமாக அமையும்படி விதைப்பைக் கணக்கிட்டுக் கொள்வது நல்லது. முந்திய பருவத்தில் கத்தரி, தக்காளி எடுத்த நிலத்தைத் தவிர்த்துவிடுங்கள். வேர்முடிச்சு நூற்புழு இதையும் தாக்கும். முடிச்சு விழுந்த வேரை யாரும் வாங்க மாட்டார்கள்.

மந்தசூர் ஆராய்ச்சி நிலையத்தின் ஜவஹர்-20, ஜவஹர்-134 ஆகிய ரகங்கள் பரவலாகப் பயிராகின்றன. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனத்தின் போஷிதாவும், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அஸ்வகந்தாவும் உண்டு. எந்த ரகமானாலும் பழைய விதை வேண்டாம். ஆண்டு கடந்தால் முளைப்புத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஏக்கருக்கு 4 டன் மக்கிய தொழு உரம் இட்டு, நிலத்தைப் புழுதிபட உழ வேண்டும். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை போதும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்தால் நாற்றழுகல் குறையும். விதை மிகச் சிறிது. ஐந்து பங்கு மணலுடன் கலந்து தூவி, முள் படலை இழுத்து மேலாக மூடினால் போதும். ஆழம் போனால் முளைக்காது. 25 முதல் 30 நாளில் களையெடுக்கும்போதே செடிகளைக் கலைத்து விடுங்கள். சதுர மீட்டருக்கு 30 முதல் 60 செடிகள் நிற்கலாம். முளைத்த செடியைப் பிடுங்கி எறிய மனம் வராதுதான். ஆனால் நெருக்கத்தில் விட்டால் வேர் நூலாகத்தான் இருக்கும்.

மழை பொய்த்தால் உயிர்த் தண்ணீர் கொடுக்கலாம். கத்தரியில் வருகிற அதே புள்ளி வண்டு இதன் இலையையும் சுரண்டித் தின்னும். காலை வேளையில் வண்டுகளையும் முட்டைக் குவியலையும் பொறுக்கி அழித்து, 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கவும். மருந்துக்குப் போகும் பொருளாதலால் கடும் பூச்சிக்கொல்லிகளைத் தொடாமலிருப்பதே நலம். நஞ்சு எச்சம் காணும் சரக்கு திரும்பி வந்துவிடும்.

விதைத்த 150 முதல் 180 நாளில் இலை காய்ந்து, காய்கள் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறும். அப்போதே பிடுங்கிவிட வேண்டும். விலை ஏறட்டும் என்று நிலத்திலேயே விட்டு வைத்தால் மாவு குறைந்து நார் ஏறிவிடும். லேசான ஈரத்தில் முழுச் செடியாகப் பிடுங்கி, தண்டை வேருக்கு ஒட்ட நறுக்கி, வேரை 7 முதல் 10 செ.மீ. துண்டுகளாக்கி உலர்த்துங்கள். காய்ந்த வேரைத் தடியால் மெல்லத் தட்டினால் மண்ணும் சல்லி வேரும் உதிரும். ஒடித்தால் 'படக்' என ஒடிந்து உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். சுமார் 7 செ.மீ. நீளமும், 1 முதல் 1.5 செ.மீ. பருமனும் உள்ளது முதல் தரம். 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. பருமன் இரண்டாம் தரம். அதற்கும் குறைந்தவை மூன்றாம், நான்காம் தரங்கள். தரம் பிரிக்காமல் மூட்டை கட்டினால் மூட்டை முழுவதும் கடைசித் தரத்தின் விலைக்கே போகும்.

மானாவாரியில் ஏக்கருக்கு 200 முதல் 250 கிலோ உலர் வேரும் 20 கிலோ விதையும் எதிர்பார்க்கலாம். அளவு குறைவுதான். பிடுங்கவும் நறுக்கவும் தரம் பிரிக்கவும் ஆகும் கூலியே பெருஞ்செலவு. எனவே முதல் ஆண்டு வீட்டு ஆட்களால் செய்ய முடிகிற 25 சென்ட் அளவில் பயிரிட்டுப் பார்க்கலாம். இலையும் விலை போகும் என்று சொல்லி விதை விற்பவர்கள் உண்டு. மருந்து செய்வோர் வேரையே பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே இலைக் கணக்கை வரவில் எழுத வேண்டாம்.

இதற்கு உள்ளூர்ச் சந்தை கிடையாது. நாட்டின் பெரிய அமுக்கராச் சந்தை நீமச்சில் இருக்கிறது. அவ்வளவு தூரம் சில மூட்டைகளை அனுப்பினால் வண்டிச் சத்தத்துக்கே கட்டாது. விதைக்கும் முன்பே அரசின் 'டாம்ப்கால்' மூலிகை மருந்துக் கழகம், சென்னை 'இம்காப்ஸ்' கூட்டுறவு நிறுவனம், அருகிலுள்ள மருந்துச் சரக்கு மொத்த வியாபாரிகள் ஆகியோரிடம் எந்தத் தரம், எவ்வளவு, என்ன விலை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து பயிரிட்டால் ஒரு லாரிச் சரக்கைப் பேரம் பேசி விற்கலாம். விதைக்கான பழங்களைத் திடமான செடிகளிலிருந்து தனியே பறித்து, உலர்த்திக் கசக்கித் தூற்றி, அடுத்த பருவத்துக்குத் துணிப்பையில் எடுத்து வைக்கவும்.