ஹைஸ்கூல் பிள்ளை இருக்கும் ஸ்காபரோ வீட்டுக்குச் சில குறிப்புகள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நம் தமிழர் வீடுகள் பலவற்றில் அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்கு விடியற்காலை வேலை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் தானே எழும்பி, தானே சூடாக்கிச் சாப்பிட்டு, தானே பஸ் பிடித்துப் போகிறது. வேதியியலில் எத்தனை புள்ளி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நேற்று இரவு எத்தனை மணிக்கு நித்திரையானது என்று கேட்டால் பதில் வராது. புள்ளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நித்திரை, சாப்பாடு, பேச்சு, கொஞ்சம் ஓய்வு ஆகிய நாலும் சரியாக இருக்கும் பிள்ளைக்குத்தான் படிப்பும் ஓடும். கீழே சொல்வதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. சிலவற்றுக்குப் பெரியவர்கள் மாற வேண்டும்.

1. நித்திரையிலிருந்து தொடங்குங்கள். 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஓர் இரவில் 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும் என்பது கனடாவின் 24 மணி நேர உடலியக்க வழிகாட்டல். கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள்: காலை ஆறரைக்கு எழும்ப வேண்டிய பிள்ளை இரவு பத்தரைக்கு நித்திரையாகியிருக்க வேண்டும், படுக்கையில் விழுந்திருந்தால் மட்டும் போதாது. பருவ வயதில் நித்திரையை வரவழைக்கும் மெலற்றோனின் சுரப்பு இரவில் பிந்தித் தொடங்குகிறது; அதனால் பத்து மணிக்குக் கண் சொக்காமல் இருப்பதும் காலையில் எழும்ப முடியாமல் இருப்பதும் உடலின் வேலை. அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். 2009இல் ரொறன்ரோவின் ஈஸ்டர்ன் கொமர்ஸ் பள்ளியில் வகுப்புகளைக் காலை 10 மணிக்குத் தொடங்கிப் பார்த்ததும் இந்தக் காரணத்தால்தான். பள்ளி மணியை நாம் மாற்ற முடியாது. வீட்டில் செய்யக்கூடியது: இரவு ஒன்பதரைக்குப் பிறகு ஹோலில் பெரிய விளக்கை அணைப்பது, ரிவியின் சத்தத்தைக் குறைப்பது, சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றித் தரக் கேட்பது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கூடத் தூங்கட்டும். மத்தியானம் வரை போக விட்டால் திங்கட்கிழமை காலை இன்னும் கடினமாகும்.

2. போன் இரவில் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். குசினி மேசையில் ஒரு சார்ஜர் பெட்டி வைத்து எல்லோருடைய போனையும் அங்கே போடுங்கள். எல்லோருடையதும் என்றால் அப்பாவின் வாட்ஸ்அப்பும் அம்மாவின் நாடகத் தொடரும் சேர்த்துத்தான். பிள்ளையிடம் மட்டும் பறித்தால் ஒரு கிழமைகூட நிலைக்காது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். 2024 செப்டெம்பரிலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தில் ஏழாம் வகுப்பு முதல் பாட நேரத்தில், ஆசிரியர் அனுமதித்தால் தவிர, போன் எடுக்கக்கூடாது. ஆகவே வகுப்பு நடக்கும்போது அழைக்காதீர்கள். அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்துக்கு எடுங்கள்.

3. காலைச் சாப்பாட்டுக்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். இரவு மிஞ்சிய புட்டில் ஒரு முட்டையை உடைத்துப் பிரட்டினால் ஐந்து நிமிடம். பள்ளிக்குச் சோறு கொடுத்துவிடுகிறீர்கள் என்றால் பிளாஸ்க்கில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, பிறகு சூடான சோற்றைப் போடுங்கள். மத்தியானம்வரை சூடு நிற்கும். மீன் குழம்பைக் கூட்டாளிகள் நடுவில் திறக்கப் பிள்ளை கூச்சப்பட்டால் அதற்காகச் சண்டை வேண்டாம். பள்ளிக்கு ரொட்டிக்குள் கறியைச் சுற்றிக் கொடுங்கள், மீனை இரவில் சாப்பிடட்டும். ரொறன்ரோவில் பல பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் உண்டு. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது, அங்கே சாப்பிடுவதில் குறைச்சல் எதுவும் இல்லை.

4. சக்தி பானத்தைக் கவனியுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2.5 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்கிறது கனடிய சுகாதாரத் துறை. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 125 மில்லிகிராம். பெரிய பேணி ஒன்றிலேயே அதைத் தாண்டிவிடும். பரீட்சைக் காலத்தில் கண் விழிக்கக் குடிக்கிறார்கள். பிறகு படுத்தாலும் நித்திரை வராது.

5. பாடத் தெரிவைச் சுமையாக்காதீர்கள். ஒன்ராறியோ டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட், எழுத்தறிவுத் தேர்வு, 40 மணி நேரச் சமூக சேவை ஆகியவை முக்கியமான தேவைகள். பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பின் மிகச் சிறந்த ஆறு பாடங்களைத்தான் பார்க்கின்றன. அப்படியிருக்க, பன்னிரண்டில் ஒரு பாடவேளையை வெறுமையாக விட்டால் பிள்ளை வீணாகிவிடாது. அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துவிடும்.

பல பெற்றோருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. 11ஆம், 12ஆம் வகுப்புப் பாடம் ஒன்று பிள்ளைக்குக் கொஞ்சமும் ஓடவில்லை என்றால், செமஸ்டர் நடுவில் முதல் ரிப்போர்ட் கார்ட் வந்த பிறகு ஐந்து பள்ளி நாட்களுக்குள் அந்தப் பாடத்திலிருந்து விலகலாம். இறுதிப் பதிவில் அது ஏறாது. அதற்குப் பிந்தி விலகினால் அன்றைய புள்ளியோடு பதிவாகிவிடும். நவம்பரிலும் ஏப்ரலிலும் ரிப்போர்ட் கார்ட் வரும் காலத்தில் பிள்ளையோடும் பள்ளியின் வழிகாட்டல் ஆலோசகரோடும் இதைப் பேசி முடிவெடுங்கள். நான்கு வருடத்தில் முடிக்காதவர்கள் ஐந்தாம் வருடம் திரும்பி வந்து படிக்கவும் வழி உண்டு. ஒரு வருடம் பிந்துவதை ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டு, களைத்துப்போன பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

6. ரிப்போர்ட் கார்ட் வந்ததும் சதவீதத்தைப் பார்க்குமுன் ஆறு பழக்கங்களைப் பாருங்கள்: பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செயல்படல், கூட்டாகச் செயல்படல், தானாக முன்வருதல், தன்னைத் தானே சீர்படுத்தல். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதைப் புள்ளியைவிட முன்கூட்டியே சொல்வது இந்தப் பகுதிதான். கணக்கில் 78 வாங்கிய பிள்ளைக்கு ஒழுங்கமைப்பில் குறைவு என்றால் ரியூஷன் வேண்டாம். ஒரு நாட்குறிப்பும் சுத்தமான மேசையும் வேண்டும்.

7. ஜனவரியை இலகுவாக்குங்கள். தைப்பொங்கல் 14ஆம் அல்லது 15ஆம் திகதி வருகிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான முக்கிய கடைசித் திகதியும் ஜனவரி நடுப்பகுதிதான். மாதக் கடைசியில் முதல் செமஸ்டர் பரீட்சை. தமிழ் மரபுத் திங்கள் என்பதால் வார இறுதிகளில் மேடை நிகழ்ச்சிகளும் குவிந்துவிடும். பொங்கலைக் கொண்டாடுங்கள், அது பிள்ளைக்கும் வேண்டும். ஆனால் அந்த மாதத்துப் பிறந்தநாள், சாமத்திய வீடு, கோயில் நடனம் என்று வரும் அழைப்புகளுக்குப் பெரியவர்கள் மட்டும் போய்வரலாம். பன்னிரண்டாம் வகுப்பு விண்ணப்பத்தை மார்கழி விடுமுறையிலேயே முடிக்கச் செய்யுங்கள்.

8. கிழமையில் ஒரு மாலையாவது எந்த வகுப்பும் இல்லாமல் இருக்கட்டும். பரதம், மிருதங்கம், வயலின், தமிழ், கணக்கு, ஆங்கிலக் கட்டுரை என்று ஏழு நாளும் வண்டியில் ஏற்றி இறக்கினால் பிள்ளை எதையும் விரும்பாது. எதைத் தொடர்வது என்பதைப் பிள்ளையிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். அரங்கேற்றத்தைப் பத்தாம் வகுப்புக்குள் வையுங்கள், முடியாவிட்டால் பன்னிரண்டு முடிந்த கோடையில் வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு நடுவில் வைப்பது கொடுமை. தமிழைப் பொறுத்தவரை இன்னொரு வழி உண்டு: ஹைஸ்கூல் வயதுப் பிள்ளைகள் அதைப் பள்ளிச் சபையின் வார இறுதி வகுப்புகளில் கிரெடிட்டாகவே படிக்கலாம். அப்போது அது டிப்ளோமாவில் சேரும், கூடுதல் சுமையாக இராது.

9. பிள்ளையை வீட்டின் மொழிபெயர்ப்பாளராக வைத்திருக்காதீர்கள். வங்கிக் கடிதம், மோர்ட்கேஜ் புதுப்பிப்பு, அம்மம்மாவின் வைத்திய அறிக்கை எல்லாம் மூத்த பிள்ளையின் கையில்தான் விழுகின்றன. பதினாறு வயதுப் பிள்ளை வீட்டுக் கடனின் தொகையைத் தலையில் சுமந்துகொண்டு இயற்பியல் பரீட்சை எழுதப் போகிறது. இதைப் பற்றிப் பிள்ளைகள் புகார் சொல்வதில்லை என்பதால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். 211 என்ற எண்ணை அழைத்தால் 150க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பு உதவியோடு சமூகச் சேவைகளுக்கு வழி காட்டுவார்கள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையைப் பற்றிய குறையைப் பிள்ளையே மொழிபெயர்ப்பது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

10. வெளியே அனுப்புங்கள், கூடவும் போங்கள். மார்கழியில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். பள்ளி முடிந்து வரும் பிள்ளை வெளிச்சத்தை அதிகம் காண்பதில்லை. சனி, ஞாயிறு மத்தியானம் அரை மணி நேரம் நடந்தாலும் போதும். மின்கம்பப் பாதையை ஒட்டிப் போகும் மெடோவே நடைபாதை ஸ்காபரோவை ஊடறுத்து ரூஜ் தேசிய நகரப் பூங்காவை நோக்கிப் போகிறது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நகரசபையின் நீச்சல், விளையாட்டு வகுப்புகளுக்குப் பணம் தடையாக இருந்தால் ‘வெல்கம் பொலிசி’ என்ற உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பதின்மூன்று வயதோடு அவர்களின் விளையாட்டை நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

11. பகுதிநேர வேலை நல்லதுதான், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நிற்கும் வரை. அடுத்த நாள் பள்ளி என்றால் கடை பூட்டும் ஷிஃப்ட் வேண்டாம்.

12. வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி புள்ளியைப் பற்றியதாக இருக்க வேண்டாம். “சாப்பிட்டியா, இண்டைக்கு ஆரோட இருந்தனீ?” என்று கேளுங்கள். முகத்துக்கு முகம் இருத்தி விசாரித்தால் இந்த வயதில் வாய் திறக்காது. கார் ஓட்டும்போது, பாத்திரம் கழுவும்போது தானாக வரும். சொன்னதும் புத்தி சொல்லத் தொடங்காமல், முழுக்கக் கேட்டுவிட்டு, “நான் என்ன செய்யவேணும்?” என்று கேளுங்கள். மாமியின் மகனோடும் மார்க்கத்தில் இருக்கும் சிநேகிதியின் மகளோடும் ஒப்பிடுவதை இன்றோடு விடுங்கள். நாங்கள் பட்ட பாட்டை, 1983 இனக்கலவரத்தையும் இடம்பெயர்வையும் முகாமையும், பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை தன் கவலையைச் சொல்லும்போது பதிலாக அதைச் சொன்னால், தன் கவலைக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

13. வைத்தியரிடம் பிள்ளை கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும். சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுக்க ஒன்ராறியோவில் குறிப்பிட்ட வயது இல்லை. விளங்கிக்கொள்ளும் திறன்தான் அளவு. நீங்களே எழுந்து வெளியே போனால், உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை மாகாண சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப்பில் இலவசம். தனியார் காப்புறுதி இல்லாத, 24 வயது வரை உள்ளவர்களுக்குப் பட்டியலில் உள்ள மருந்துகளும் இலவசம். அடிக்கடி தலையிடி என்றால் முதலில் கண்ணைப் பாருங்கள்.

14. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் மாற்றத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பிடித்த சாப்பாடு பிடிக்காமல் போவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாத எரிச்சல், காலையில் மட்டும் வயிற்றுவலி, நித்திரை தலைகீழாவது. திருஷ்டி என்று நினைத்து நூல் கட்டினாலும் கட்டுங்கள், வைத்தியரிடமும் கூட்டிப் போங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் சொல்வார்கள். அப்படிச் சந்தேகம் இருந்தால் வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். சனம் என்ன சொல்லும் என்ற பயத்துக்கு இதில் இடம் கொடுக்கக்கூடாது.

15. மூன்று எண்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். கிட்ஸ் ஹெல்ப் ஃபோன்: 1-800-668-6868, பேசத் தயங்கும் பிள்ளை 686868 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். 9-8-8: தற்கொலை எண்ணம் வருபவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் அழைக்கவோ குறுஞ்செய்தி அனுப்பவோ கூடிய எண், 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்குகிறது. உயிராபத்து என்றால் 911. முதல் இரண்டும் இலவசம், நாள் முழுவதும் திறந்திருக்கும். இன்றிரவே பிள்ளையின் போனிலும் பதியச் சொல்லுங்கள். தனக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து மேசைக் கூட்டாளிக்குத் தேவைப்படலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.